எதை வெட்டலாம்? எதை வெட்டக் கூடாது?

 

இன்றைய பேச்சு ஓர் இயந்திரத்தைப் பற்றியது. ஆனால் அது ஓர் இனிப்பில் இருந்து தொடங்குகிறது.

கொல்கத்தா நகரம் ஹூக்ளி ஆற்றின் கரையில் இருக்கிறது. அந்த ஊரில் பெயர் பெற்ற இனிப்பு சந்தேஷ். பாலைத் திரியவைத்துத் தண்ணீரை வடிப்பார்கள். மிஞ்சுவதில் சர்க்கரையோ ஈச்ச வெல்லமோ சேர்த்துக் கிளறுவார்கள். பிறகு அதை மர அச்சில் வைத்து அழுத்துவார்கள். சங்கு, மீன், இலை, பூ என்று பல வடிவங்களில் சந்தேஷ் வெளியே வரும்.

அந்த மர அச்சைச் செய்வது யார்? வடக்குக் கொல்கத்தாவில் சித்பூர் சாலை என்ற பழைய சாலை உண்டு. இப்போது அதன் பெயர் ரவீந்திர சரணி. அங்கே நதுன் பஜார் பக்கத்தில் மர அச்சு செதுக்கி விற்கிறார்கள். கையில் சிறிய உளி. எதிரே ஒரு மரத்துண்டு. இனிப்பில் மேடாக வர வேண்டிய இடத்தை மரத்தில் பள்ளமாகச் செதுக்க வேண்டும். மீன் வலப்பக்கம் பார்க்க வேண்டுமானால் அச்சில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். எளிய வேலை இல்லை.

இப்போது இது போன்ற செதுக்கு வேலையைச் செய்ய ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. அதன் பெயர் சி.என்.சி. ரூட்டர். பெரிய தொழிற்சாலையில் மட்டுமே இருந்த இந்த இயந்திரத்தை இன்று ஆர்வமுள்ளவர்கள் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். வீட்டில் செய்த இயந்திரம் எதை வெட்டும்? எதை வெட்டாது? எதை வெட்டினால் நமக்கு ஆபத்து? இவற்றைத்தான் பார்க்கப் போகிறோம்.

எண்களைப் படிக்கும் இயந்திரம்

ரூட்டர் என்பது தச்சர்களுக்குத் தெரிந்த கருவிதான். ஒரு மோட்டார். அதன் முனையில் வேகமாகச் சுழலும் ஒரு வெட்டுக் கம்பி. பட்டறையில் அதைப் 'பிட்' என்பார்கள். நிமிடத்துக்கு 10,000 சுற்று, 20,000 சுற்று என்று அது சுழலும். தச்சர் அதைக் கையில் பிடித்துப் பலகையில் ஓட்டுவார். பள்ளம் விழும்.

சி.என்.சி. ரூட்டரில் அதைக் கையால் ஓட்டுவதில்லை. மூன்று சிறு மோட்டார்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஒன்று இடம் வலமாக நகர்த்தும். இன்னொன்று முன்னும் பின்னும் நகர்த்தும். மூன்றாவது மேலும் கீழும் நகர்த்தும். எங்கே போக வேண்டும் என்பதைக் கணினி சொல்லும்.

எப்படிச் சொல்லும்? எழுத்தாலும் எண்ணாலும் சொல்லும். 'ஜி 1 எக்ஸ் 50 ஒய் 20' என்று ஒரு வரி இருந்தால், தொடக்கப் புள்ளியில் இருந்து வலப்பக்கம் 50 மில்லிமீட்டர், முன்பக்கம் 20 மில்லிமீட்டர் தள்ளியுள்ள இடத்துக்கு நேர்கோட்டில் போ என்று பொருள். இப்படி நூறு வரி, ஆயிரம் வரி சேர்ந்தால் ஒரு மீன் உருவாகிவிடும்.

இந்த முறை புதியது இல்லை. அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் விமான உறுப்புகளைத் துல்லியமாக வெட்ட இதை யோசித்தார். 1952-ஆம் ஆண்டு அங்குள்ள எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் இப்படி ஓர் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். துளையிட்ட நாடாவில் இருந்த எண்களை அது படித்தது.

சொந்தமாகக் கருவி செய்துகொள்ளும் பழக்கம் கொல்கத்தாவுக்கும் புதியது இல்லை. அங்கே பராநகரில் இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. 1953-ஆம் ஆண்டு அங்கே சமரேந்திர குமார் மித்ரா என்ற அறிஞர் ஒரு கணக்கிடும் இயந்திரத்தை அமைத்தார். வெளிநாட்டில் இருந்து விலைக்கு வாங்கிய கணினி வந்து இயங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் இங்கேயே செய்து பார்த்தார்கள்.

இன்றைய வீட்டு இயந்திரத்துக்கு வழி செய்தவை இரண்டு. 2005-ஆம் ஆண்டு இத்தாலியில் ஆர்டுயினோ என்ற மலிவான சிறு மின்னணுப் பலகை வந்தது. 2009-ஆம் ஆண்டு நார்வே நாட்டுக்காரர் ஒருவர் அந்தப் பலகைக்கு 'கிரிபிள்' என்ற ஆணைத் தொகுப்பை எழுதினார். அதை யாரும் பணம் கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். கொல்கத்தாவில் மின்னணுப் பொருள்களுக்குச் சாந்தினி சந்தை இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் ஹவுராவில் கடைசல் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. பொருளும் உண்டு, கையும் உண்டு.

ஏன் எல்லாவற்றையும் வெட்ட முடியாது?

'இவ்வளவு வேகமாகச் சுழல்கிறதே, இரும்பையும் வெட்டலாமே' என்று சிலர் நினைப்பார்கள். முடியாது. காரணம் என்ன?

வீட்டில் செய்த இயந்திரத்தின் சட்டம் பிளைவுட்டிலோ அலுமினியத்திலோ இருக்கும். கடினமான பொருளில் பிட் இறங்கும்போது பொருளும் பிட்டைத் தள்ளும். சட்டம் லேசாக வளையும். பிட் அதிரும். கோடு கோணலாகும். கடைசியில் பிட் ஒடியும். ஒடிந்த முனை எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. தொழிற்சாலை இயந்திரம் கனமான வார்ப்பு இரும்பில் நிற்கிறது. அதனால்தான் அது எஃகை வெட்டுகிறது.

இன்னொரு காரணம் சூடு. இங்கே ஒரு சிறு கணக்கு போடுவோம்.

பிட் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழல்கிறது. அதற்கு 2 பற்கள். அப்படியானால் ஒரு நிமிடத்தில் 20,000 கடி. அதே நிமிடத்தில் பிட் 1,000 மில்லிமீட்டர், அதாவது 1 மீட்டர் நகர்கிறது. 1,000-ஐ 20,000-ஆல் வகுத்தால் 0.05. ஒவ்வொரு கடியும் 0.05 மில்லிமீட்டர். சாதாரணக் காகிதத்தின் தடிமனில் ஏறக்குறைய பாதி.

அந்த அளவுக்குக் கடித்தால் சீவல் வரும். சீவல் சூட்டையும் தன்னோடு எடுத்துக்கொண்டு வெளியே போகும். பயந்துபோய் மிக மெதுவாக நகர்த்தினால் என்ன ஆகும்? பிட் கடிக்காது, தேய்க்கும். மாவு போலத் தூள் வரும். சூடு ஏறும். மரம் கருகும். பிளாஸ்டிக் உருகும். பிட்டின் கூர் போகும். சீவல் வந்தால் வேலை சரி. மாவு வந்தால் ஏதோ தவறு. எம்.டி.எஃப். பலகைக்கு மட்டும் இது பொருந்தாது. அது எப்படியும் மாவாகத்தான் வரும்.

நன்றாக வெட்டக்கூடியவை

முதலில் மரம். வீட்டு ரூட்டருக்கு ஏற்ற பொருள் இதுதான். நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். ஈர மரத்தில் நார் பிய்யும். வெட்டிய பிறகு கோணும். தேக்கு அழகாக வெட்டுப்படும். ஆனால் தேக்கில் மணலில் உள்ள சத்து சிறிது கலந்திருக்கிறது. அதனால் பிட் சீக்கிரம் மழுங்கும்.

பழைய கதவு, நிலை இவற்றின் மரத்தை வாங்கினால் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஆணி ஒளிந்திருக்கும். பிட் ஆணியில் பட்டால் ஒடிந்து பறக்கும்.

அடுத்தது பிளைவுட். மெல்லிய மரத் தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை. எந்தப் பக்கம் வெட்டினாலும் பலம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். மேல்தாள் பிசிறு விடும். அதற்கு மேலிருந்து கீழாக அழுத்தி வெட்டும் பிட் கிடைக்கிறது. மலிவான பிளைவுட்டின் உள்ளே இடைவெளி இருக்கும். வெட்டிய பிறகுதான் அந்த ஓட்டை தெரியும்.

மூன்றாவது எம்.டி.எஃப். பலகை. மர நாரைப் பசையோடு கலந்து சூட்டில் அழுத்திச் செய்வது. இதில் நரம்பு கிடையாது, பிசிறு கிடையாது. எழுத்துப் பலகை, அலங்காரத் தட்டி இவற்றுக்கு எல்லோரும் இதையே விரும்புகிறார்கள். ஆனால் இதன் தூள் மிக நுண்ணியது. இதைப் பற்றிச் சற்று நேரத்தில் விரிவாகப் பார்ப்போம்.

சந்தேஷ் அச்சுக்கு எம்.டி.எஃப். ஆகாது. இனிப்பில் ஈரம் இருக்கிறது. பலகையில் பசை இருக்கிறது. வாயில் போடும் பொருளைத் தொடும் அச்சுக்குப் பசை கலக்காத நல்ல மரமே வேண்டும்.

கவனமாக வெட்ட வேண்டியவை

அக்ரிலிக்: கண்ணாடி போல இருக்கும் பிளாஸ்டிக். சூடு பட்டால் உருகி, பிட்டைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு பல் உள்ள பிட் வேண்டும். சுற்றைக் குறைக்க வேண்டும். நகரும் வேகத்தைக் குறைக்கக் கூடாது.

பி.வி.சி. ஃபோம் பலகை: விளம்பரப் பலகைக்குப் பயன்படுகிறது. ரூட்டரில் வெண்ணெய் போல வெட்டுப்படும். ஆனால் இதை எரிக்கவோ கருகவிடவோ கூடாது. கருகினால் அமிலப் புகை வரும். அது நுரையீரலையும் கெடுக்கும்; இயந்திரத்தையும் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே லேசர் இயந்திரத்தில் இதை வெட்டவே கூடாது. வெட்டிய துண்டுகளைக் குப்பையோடு கொளுத்தவும் கூடாது.

அலுமினியம்: வெட்டலாம். ஆனால் பேராசை கூடாது. ஒரு தடவைக்கு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு ஆழமே இறங்க வேண்டும். வெட்டு எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் பிட்டில் அப்பிக்கொள்ளும். சட்டம் உறுதியாக இருந்தால் மெல்லிய பித்தளைத் தகட்டிலும் எழுத்து செதுக்கலாம்.

வேறு கருவி போதும் என்பவை

துர்க்கை பூஜைக்காகக் கொல்கத்தா முழுவதும் பந்தல்கள் எழும்பும். 2021-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்த விழாவை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பந்தலில் மூங்கில், துணி, பிளைவுட், தெர்மகோல் என்று எத்தனையோ பொருள்கள். தெர்மகோலை ரூட்டரில் வெட்டினால் குருணை குருணையாகப் பறந்து உடம்பெல்லாம் ஒட்டும். சூடான மெல்லிய கம்பியால் வெட்டுவதே வழக்கம். தெர்மகோல் எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி நெருப்பும் கூடாது.

வங்காளத்தில் சோலா என்று ஒரு செடி உண்டு. சதுப்பு நிலத்தில் வளரும். அதன் தண்டின் உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றில் துர்க்கைக்கு அணிகளும் மணமக்களுக்கு மகுடமும் செய்கிறார்கள். நமக்கும் இது தெரிந்த பொருள்தான். தமிழில் இதற்குப் பெயர் நெட்டி. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வளவு மென்மையான பொருளுக்கு இயந்திரம் எதற்கு? கூரான கத்தியும் பழகிய விரலும் போதும்.

தொடவே கூடாதவை

எஃகு, கண்ணாடி, கருங்கல் இவை வீட்டு ரூட்டருக்கு உரியவை அல்ல. ஒன்று பிட் உடையும். அல்லது பொருள் வெடித்துச் சிதறும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு. பழைய தகடு சும்மா கிடக்கிறதே என்று அதை வெட்டவோ துளையிடவோ கூடாது. அதன் நுண்ணிய நார் மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். கண்ணாடி நார் கலந்த தகட்டையும் வீட்டில் வெட்ட வேண்டாம்.

தூள்தான் எதிரி

நண்பர்களே, இந்தப் பேச்சில் முக்கியமான பகுதி இதுதான்.

பிட் கையை வெட்டினால் உடனே தெரியும். ரத்தம் வரும். மருத்துவரிடம் ஓடுவோம். தூள் அப்படிச் செய்யாது. இன்று உள்ளே போகும். இருபது முப்பது ஆண்டு கழித்துக் கணக்குக் கேட்கும்.

இங்கிலாந்தில் ஹை வைக்கம் என்று ஓர் ஊர். நாற்காலி செய்வதில் பெயர் பெற்றது. 1960-களில் அந்தப் பகுதி மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். மூக்கின் உள்ளே வரும் ஒரு வகைப் புற்றுநோய் மிகவும் அரிதானது. ஆனால் அங்கே மரச் சாமான் செய்யும் தொழிலாளர்களிடம் அது மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்தது. காரணம் தேடினார்கள். மரத்தூள் என்று தெரிந்தது. பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. எம்.டி.எஃப். பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருளும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இயற்கை மரம்தானே, என்ன செய்யும் என்று நினைப்பது தவறு.

இன்னொன்றையும் யோசியுங்கள். வீட்டில் செய்த இயந்திரம் பெரும்பாலும் வீட்டிலேயே ஓடுகிறது. திண்ணையில் ஓடும், சமையலறைக்குப் பக்கத்தில் ஓடும். இயந்திரம் ஓட்டுபவர் முகத்தை மூடிக்கொள்கிறார். பக்கத்தில் தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கு யார் மூடுவது? ஆகவே இயந்திரத்துக்குத் தனி இடம் வேண்டும். பிட்டுக்குப் பக்கத்திலேயே தூளை இழுக்கும் உறிஞ்சி வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டினால் நுண்தூள் நிற்காது. 2020-இல் கொரோனா வந்தபோது எல்லோரும் அறிந்த என் 95 முகக் கவசம் வேண்டும். வேலை முடிந்ததும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தூள் படிந்த சட்டையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது.

சுழலும் பிட்டின் அருகே சேலைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் துண்டு, வளையல் எதுவும் கூடாது. கையுறையும் கூடாது. பிட் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஓடும் இயந்திரத்தை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. ஒரு சூடான சீவல் தூள் குவியலில் விழுந்தால் போதும், தீ பிடித்துவிடும்.

பலகையைப் படியுங்கள்

கடைக்காரர் 'நல்ல பலகை' என்பார். எது நல்லது? பலகையே சொல்லும். அதில் முத்திரை இருக்கும். ஐ.எஸ்.ஐ. குறியும் 'ஐ.எஸ். 303' என்ற எண்ணும் இருந்தால் பொது வேலைக்கான பிளைவுட். 'ஐ.எஸ். 710' என்றால் தண்ணீரைத் தாங்கும் கடல் தரப் பிளைவுட். 'ஐ.எஸ். 12406' என்றால் எம்.டி.எஃப். எதுவுமே எழுதாத பலகையில் என்ன பசை, என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு காலத்தில் இந்த எண்கள் வெறும் கோடுகளாகத் தெரிந்திருக்கும். இன்று நீங்கள் படிக்கிறீர்கள். அந்தப் படிப்பு உங்கள் பணத்தைக் காக்கும், மூச்சையும் காக்கும்.

அச்சு செதுக்குபவர் என்ன ஆவார்?

இந்தக் கேள்வி எல்லோர் மனதிலும் இருக்கும். நியாயமான கேள்விதான். ஒரே வடிவம் நூறு வேண்டுமென்றால் இயந்திரம் முந்திவிடும். கூலி குறையும் என்ற அச்சம் பொய்யில்லை.

ஆனால் இயந்திரத்துக்கும் ஒரு குறை உண்டு. பிட் உருண்டையானது. 3 மில்லிமீட்டர் பிட் ஒரு சதுரக் குழியை வெட்டினால் நான்கு மூலையும் வளைந்தே நிற்கும். மூலையைக் கூராக்க உளிதான் வேண்டும். மீனின் செதிலுக்கு உயிர் கொடுப்பதும் உளிதான். எந்த மரம் இனிப்பை ஒட்டாமல் விடும், எந்தப் பக்கம் நரம்பு ஓடுகிறது என்பதை இயந்திரம் அறியாது. காட்டிய கோட்டில் அது போகும். எதிரே இருப்பது தேக்கா, ஆஸ்பெஸ்டாஸா என்றுகூட அதற்குத் தெரியாது.

மரத்தை அறிந்தவர் எண்ணையும் கற்றால் இயந்திரம் அவருக்கு வேலையாள் ஆகும். கற்காவிட்டால், எண்ணை மட்டும் அறிந்த வேறொருவர் அவர் தொழிலை எடுத்துக்கொள்வார். தனியாக இயந்திரம் வாங்க முடியாதவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்றைச் செய்துகொள்ளலாம். மகாராஷ்டிரத்தில் புனேக்கு அருகே பாபல் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே விஞ்ஞான ஆசிரமம் என்ற நிலையத்தில் 2002-ஆம் ஆண்டே இப்படிப்பட்ட கருவிகளைக் கிராமத்து இளைஞர்கள் பழகும் பட்டறை தொடங்கியது. கிராமத்தில் முடிந்தது மற்ற ஊர்களிலும் முடியும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. காய்ந்த மரம், பிளைவுட், எம்.டி.எஃப். வெட்டலாம்.
2. அக்ரிலிக், பி.வி.சி. ஃபோம், அலுமினியம் கவனமாக வெட்டலாம்.
3. எஃகு, கண்ணாடி, கல் வீட்டு ரூட்டரில் வேண்டாம்.
4. ஆஸ்பெஸ்டாஸை எந்தக் கருவியாலும் தொட வேண்டாம்.
5. பழைய மரத்தில் ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் பாருங்கள்.
6. தூளை உறிஞ்சுங்கள், முகக் கவசம் அணியுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.
7. பலகையின் முத்திரையைப் படித்த பிறகு பணம் கொடுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள பலகை, அலமாரி, தகடு எதிலாவது என்ன எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள்.